சுவர் தெரியாத பெட்டி

அந்தப் பெட்டிக்குச் சத்தம் கிடையாது. இப்போது வரும் விளையாட்டுப் பெட்டிகளின் இரைச்சலில் வளர்ந்தவர்களுக்கு இதை நம்புவது சிரமம். டிவியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். இரண்டு புள்ளிகள் ஆட்டக்காரர்கள். மூன்றாவது பந்து. பந்து போகும், வரும். மட்டையில் பட்டாலும் ஓசை வராது. எங்கள் கடையில் அந்த ஓசையை ஓபல் ரீஸ்னர் நாக்கால் போட்டாள். 'டொக்.' சற்றுக் கழித்து மறுபடி 'டொக்.' பின்கட்டில் பழுதான டிவிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் எனக்கு, முன்னால் ஆட்டம் எப்படிப் போகிறது என்பது அதை வைத்தே தெரிந்துவிடும். 'டொக்' நின்றால் யாரோ பந்தை விட்டுவிட்டார்கள்.

ஓபல் தொண்ணூறு வயதைத் தாண்டி, போன குளிர்காலத்தில் இறந்தாள். அடக்கத்தன்று பேசியவர்கள் அவள் தேவாலயத்தில் பாடியதைச் சொன்னார்கள், வெள்ளம் வந்த வருடம் போர்வை சேர்த்துக் கொடுத்ததைச் சொன்னார்கள். பெட்டியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எழுபத்திரண்டாம் வருடத்து இலையுதிர்காலம் அது. இந்தியானா மாநிலத்தில் எங்கள் ஆல்டர்ஃபோர்டுக்கு அப்போது ஒரு கடைத்தெரு, ஒரு தானியக் கோபுரம், மூன்று தேவாலயங்கள். சுற்றிலும் மக்காச்சோளம். ராய்ஸ் க்ளிங்கரின் டிவி கடை வங்கிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அங்கே மெக்கானிக். என் பெயர் லவான். இந்தக் கதையில் ஒரு முறை வண்டி ஓட்டியதைத் தவிர எனக்கு அதிகம் வேலை இல்லை.

ஓபல் முன்கட்டில் விற்பனை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். தக்காளியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இளமையைக் கழித்தவள். கணவன் ஹார்லன் தானிய லாரி ஓட்டியவன். ஒரு காலையில் லாரியை ஒழுங்காக ஓரம்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்து இறந்துபோனான். "அவர் அப்படித்தான், யார் வழியையும் மறிக்க மாட்டார்" என்பாள். அதற்குமேல் அவனைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. ராய்ஸ் அவளை வேலைக்கு எடுத்ததற்குக் காரணமே அவளுக்கு எதையும் புகழத் தெரியாது என்பதுதான். "இது கொஞ்சம் சூடாகும்." "இந்த மரம் நிஜ மரம் இல்ல, மேல ஒட்டினது." இப்படிச் சொல்லியே விற்றாள். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிய ஜனங்கள் அவள் சொன்னதைக் கேட்டு வாங்கினார்கள்.

டிவி கம்பெனி செப்டம்பரில் பெட்டியை அனுப்பியது. அந்தக் கம்பெனியின் டிவி விற்கும் கடைகளில் மட்டும்தான் கிடைக்கும். வெள்ளை நிறம், ரொட்டி டப்பாவை விடக் கொஞ்சம் பெரிது. டார்ச் பேட்டரியில் ஓடியது. ஒயரில் இரண்டு கைப்பெட்டிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் திருகுகள். ஒன்று மேலும் கீழும் போக, ஒன்று பக்கவாட்டில் போக, இன்னொன்று பந்தை வளைக்க. கூடவே வண்ணம் அச்சிட்ட கண்ணாடித் தாள்கள் ஒரு கட்டு. டென்னிஸ் மைதானம், பனிச்சறுக்குச் சரிவு, பூனையும் எலியும் ஓடும் வீடு. தாளைத் திரைமேல் வைத்துத் தடவினால் அதிலுள்ள மின்சாரத்துக்கு அப்படியே ஒட்டிக்கொள்ளும். உரித்து எடுக்கும்போது சரசரவென்று சத்தம் வரும். ஓபலின் கைமயிர் எழுந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அவள் அதைத் தடவிவிட்டுக்கொள்வாள்.

பெட்டிக்கு ஸ்கோர் வைக்கவும் தெரியாது. புள்ளிகளை நகர்த்தும், தொட்டால் அணைக்கும். யார் ஜெயித்தது, யார் தோற்றது என்பதெல்லாம் ஆடுகிறவர்கள் பாடு. பூனை-எலி ஆட்டத்தில்தான் வேடிக்கை. வீட்டின் சுவர்கள் தாளில்தான் இருந்தன. புள்ளிக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. திருகினால் சமையலறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விடும். அதனால் ஆடுகிறவர்களே சுவர் வந்ததும் நின்று, வாசலைத் தேடிச் சுற்றிப் போக வேண்டும்.

"பெட்டிக்குச் சுவர் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்" என்று ஓபல் எல்லோரிடமும் சொல்வாள்.

சொல்லி என்ன. மெதடிஸ்ட் பாதிரியார் ஒரு வெள்ளிக்கிழமை மாலை முடிவெட்டும் டெல்பர்ட்டுடன் ஆட உட்கார்ந்தார்.

"பாஸ்டர், நீங்க இப்ப அலமாரிக்குள்ள புகுந்து வந்தீங்க" என்றான் டெல்பர்ட்.

"கை நழுவிடுச்சு."

"மூணு தடவையா நழுவும்?"

"மன்னிக்கறதுக்கு உனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தேன்னு வெச்சுக்க."

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த கூட்டம் சிரித்தது. அந்த வருடம் ஊரில் யாரையாவது நம்பக்கூடாது என்றால் "அவன் சுவருக்குள்ள போறவன்" என்றுதான் சொன்னார்கள்.

நான்கைந்து வருடத்தில் தானாகவே ஸ்கோர் காட்டும் பெட்டிகள் வந்தன. பட்டால் சத்தமும் போட்டன. சுவர் என்றால் நிஜமாகவே புள்ளியை நிறுத்தின. ஓபல் ஒன்றை ஆடிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சண்டை போட வழியே இல்லையே" என்றாள்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் பக்கத்து விவசாயிகளில் பச்சை டிராக்டர்காரர்கள் உண்டு, சிவப்பு டிராக்டர்காரர்கள் உண்டு. நிறம்தான் கம்பெனி; அப்பா எந்த நிறமோ பிள்ளையும் அந்த நிறம். பச்சை வண்டிக்குரிய சாமான் சிவப்பில் சேராது என்பது அவர்களுக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். அதே கணக்கைப் பெட்டிக்கும் போட்டார்கள். இந்தக் கம்பெனிப் பெட்டி இந்தக் கம்பெனி டிவியில்தான் வேலை செய்யும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆன்டெனா ஒயரை எந்த டிவியில் மாட்ட முடியுமோ அதில் பெட்டியையும் மாட்டலாம். இரண்டு திருகாணி, அவ்வளவுதான்.

பெட்டிக்காகப் புது டிவியும் சேர்த்து வாங்கத் தயாராக ஆட்கள் வந்தார்கள். ராய்ஸின் முகம் தெளிந்தது. ஓபல் ஒவ்வொருவரிடமும், "உங்க வீட்டு டிவியே போதும்" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ராய்ஸ் ஒரு நாள் பின்கட்டுக்கு வந்து, கதவைச் சாத்தாமலே அவளைக் கூப்பிட்டான்.

"ஓபல், கேக்கறவங்களுக்குச் சொல்லு. கேக்காதவங்ககிட்ட எதுக்கு?"

"கேக்கணும்னு தெரியாததாலதான ராய்ஸ் அவங்க கேக்கல."

"நான் பொய் சொல்லச் சொல்லல. வாயை மூடிக்கச் சொல்றேன். ரெண்டும் வேற."

"உங்களுக்கு வேற. எனக்கு வயித்தைப் பிசையுது."

"உன் வயித்துக்கு நான் சம்பளம் கொடுக்கறேன்" என்றான் ராய்ஸ். ஆனால் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவளால்தான் கடைக்கு ஆள் வருகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

ஆர்லோ ஷ்ரோக் வந்தது அக்டோபரில், சோளம் அறுத்துக்கொண்டிருக்கும்போது. ஊருக்கு வடக்கே அவனுக்குப் பால் பண்ணை. சிவப்பு டிராக்டர். மனைவி லியோட்டா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. டிவியிலிருந்து கழற்றிய கண்ணாடி வால்வு ஒன்றைக் காலுறைக்குள் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்தான். நான் அதைச் சோதித்துப் பார்க்கும் நேரத்தில் முன்கட்டில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நிக்கறதுக்குப் பதிலா ஒரு கை போடுங்க. இதைத் தனியா ஆட முடியாது" என்றாள் ஓபல்.

"மிசஸ் ரீஸ்னர், எனக்கு இதெல்லாம் வராது."

"பசு மாட்டுக்கிட்ட பால் வாங்கற கைக்கு ஒரு திருகு வராதா?"

உட்கார்ந்தான். அவனுக்குப் பூனை, அவளுக்கு எலி. நான் வால்வை எடுத்துக்கொண்டு கதவருகில் வந்தபோது ஓபல் குனிந்து கீழே விழுந்த எதையோ தேடிக்கொண்டிருந்தாள். திரையைப் பார்க்க ஆளில்லை. ஆர்லோவின் பூனை எலிக்கு மிக அருகில் வந்துவிட்டது, நடுவில் ஒரே ஒரு சுவர். அவன் நின்றான். திரும்பினான். கூடத்தைக் கடந்து, மாடிப்படியைச் சுற்றி, நீண்ட வழியாக வர ஆரம்பித்தான். ஓபல் நிமிர்ந்தாள். அவள் எதையும் தேடவில்லை, கையில் ஒன்றும் இல்லை. எல்லோரையும் அவள் இப்படித்தான் சோதிப்பாள். ஊரில் இதில் தேறியவர்கள் குறைவு.

"நல்ல ஆட்டம்" என்று எழுந்தான் ஆர்லோ. "ஒண்ணு வாங்கலாம். ஆனா எங்க வீட்டுல இருக்கறது வேற கம்பெனி டிவி. லியோட்டா பாத்துப் பாத்து எடுத்தது. இது அதுல சேராது."

நான் வால்வோடு நின்றேன். 'உங்க வீட்டு டிவியே போதும்' என்ற வார்த்தைக்காகக் காத்தேன். அதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

ஓபல் தாளை உரித்தாள். கைமயிரைத் தடவிக்கொண்டாள். "அப்ப சனிக்கிழமை வாங்க. இங்கயே ஆடலாம்" என்றாள்.

வந்தான். மத்தியானச் சாப்பாடு முடித்து வருவான், மாலைக் கறவைக்குள் கிளம்பிவிடுவான். முதலில் வேலை உடுப்பிலேயே வந்தவன், பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்தான். பாட்டிலில் பாலேடு கொண்டுவந்து வைப்பான். ஆடும்போது இருவரும் திரையைத்தான் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள்.

"மிசஸ் ரீஸ்னர், உங்க எலி தூங்குதா?"

"யோசிக்குது."

"எலி யோசிச்சா பூனைக்குச் சாப்பாடு."

"உங்க பூனை மாட்டு நடை நடக்குது. அது வர்றதுக்குள்ள என் எலிக்குப் பேரன் பொறந்துடும்."

டென்னிஸ் என்றால் 'டொக்' கேட்கும். சில சனிக்கிழமைகளில் அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஜெயிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே எண்ணம் இல்லாத ஆட்டம் எப்படி ஒலிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். பனி கொட்டும் நாட்களிலும் ஜன்னலுக்கு வெளியே யாராவது நிற்பார்கள். டெல்பர்ட் கண்ணாடியைத் தட்டி, "ஆர்லோ, வாங்கித் தொலையேன், எங்களுக்கும் ஒரு முறை கிடைக்கும்" என்பான். "எங்க வீட்டு டிவியில சேராதே" என்பான் ஆர்லோ. டெல்பர்ட் ஓபலைப் பார்ப்பான். ஓபல் திரையைப் பார்ப்பாள்.

பிப்ரவரியில் ராய்ஸ் கேட்டே விட்டான். காபி ஊற்றிக்கொண்டே, சாதாரணமாக.

"எல்லார்கிட்டயும் சொல்ற. ஷ்ரோக்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

"அவர் கேக்கல."

"அடேங்கப்பா" என்றான் ராய்ஸ். "இப்ப வயித்தைப் பிசையலையா?"

அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு முன்கட்டுக்குப் போய்விட்டாள். அன்று முழுவதும் டிவிகளின் மேல் தூசி துடைத்தாள். தூசியே இல்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்தும் ஆர்லோ எழவில்லை. தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு டிவி எடுத்துக்கறேன். அந்த மர டிவி. பெட்டியும் சேத்து. பழசை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

"பழசுக்கு என்ன?" என்றாள் ஓபல்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் ஓடுது."

"லியோட்டா எடுத்ததுன்னு சொன்னீங்க."

"ஆமா." தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தினான். "உங்களை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடணும்னு. சாப்பிட்டதும் என்ன பண்றது? ரெண்டு பேரும் உக்காந்து செவத்தையா பாக்கறது? ஆடறதுக்கு ஒண்ணு இருந்தா நல்லாருக்கும். லியோட்டா தப்பா எடுத்துக்க மாட்டா."

ஓபல் பதில் சொல்லும் முன் ராய்ஸ் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான். வியாழக்கிழமை டிவி கொண்டுவருவதாகப் பேச்சு முடிந்தது. ஓபலும் வந்து மத்தியானம் அங்கேயே சாப்பிடுவதாகவும் ஏற்பாடு.

அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவனும் வந்தான், அழைப்பும் வந்தது, வீடும் திறந்தது. போகப்போவது ஒரு பழைய டிவி மட்டும்தான்.

வியாழக்கிழமை நான் வண்டி ஓட்டினேன். பின்னால் கம்பளி சுற்றிய புது டிவி. ஓபல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீல உடை. பாதி வழியில் கேட்டாள்.

"பழைய டிவியை என்ன பண்ணுவ, லவான்?"

"வால்வை உருவிக்கிட்டு கூட்டை எரிச்சிடுவேன்."

"எரிச்சிடுவியா."

"மரந்தான ஓபல். குளிருக்கு ஆகும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயல்களில் பனி கரைந்து கறுப்பு மண் தெரிந்தது.

ஆர்லோ வாசலிலேயே நின்றிருந்தான். வீட்டுக்குள் உருளைக்கிழங்கு மசியலும் அதன் மேல் ஊற்றக் கோழிக் குழம்பில் வெந்த நூடுல்ஸும் மணத்தன. மேசையில் இரண்டு தட்டு, என்னைப் பார்த்ததும் மூன்றாவது எடுத்து வைத்தான். பழைய டிவியைத் தயாராக ஒதுக்கி வைத்திருந்தான். அதன் மேல் இருந்த லேஸ் துணி மடித்து ஜன்னல் திட்டில் வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் லியோட்டாவின் படம். டிவியின் மேல்பலகையில் காபிக் கோப்பை வைத்து வைத்து விழுந்த வட்டம் ஒன்று. லியோட்டா எப்போதும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறாள். வேறொருவர் கைக்குப் போகும் சாமான் என்று ஆர்லோ பலகைக்கு மெழுகு போட்டுத் தேய்த்திருந்தான். வட்டம் போகவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஓபல் கோட்டைக் கழற்றாமல் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லவான், புதுசை இறக்காத" என்றாள். பெட்டியை என் கையில் கொடுத்தாள். "இதுல மாட்டு."

நான் ஆர்லோவைப் பார்த்தேன். அவன் அவளைப் பார்த்தான்.

"மாட்டுப்பா" என்றாள்.

டிவியின் பின்னால் முட்டிபோட்டேன். இரண்டு திருகாணி. எழுந்து மூன்றாம் சேனலுக்குத் திருப்பினேன். வால்வு சூடாகும்வரை எல்லோரும் நின்றோம். முதலில் பனி மாதிரி இரைச்சல், பிறகு கறுப்பு, பிறகு வெள்ளைப் புள்ளிகள். நடுவில் கோடு. எங்கள் கடை டிவியை விடத் தெளிவாகவே இருந்தது.

"சேருதே" என்றான் ஆர்லோ. சந்தோஷமாகத்தான் சொன்னான். பிறகுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

புள்ளி ஒன்று திரையின் ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. கைப்பெட்டியை யாரும் தொடவில்லை.

"டெல்பர்ட் சொன்னான்" என்றான் ஆர்லோ. "எந்த டிவியிலயும் சேரும், மிசஸ் ரீஸ்னரே எங்கிட்ட சொன்னாங்கன்னு. நான் நம்பல. அப்படியிருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாங்களான்னு அவனையே திட்டினேன்."

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க."

"அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

அவன் குரல் உயரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டான். "மாடு காத்துக்கிட்டிருக்கும்" என்று பின்வாசல் வழியாகப் போனான். கறவைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

ஓபல் ஜன்னல் திட்டிலிருந்து லேஸ் துணியை எடுத்து டிவியின் மேல் விரித்தாள். படத்தை வைத்தாள். துணியையும் படத்தையும் கொஞ்சம் நகர்த்தி, வட்டத்துக்கு இடம் விட்டாள். பெட்டியைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். புது டிவியோடு திரும்பினோம். தானியக் கோபுரம் தெரிந்ததும், "நூடுல்ஸ் ஆறிடும்" என்றாள்.

"ஒரு டிவி போச்சு" என்றான் ராய்ஸ். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டான். மறுநாள் அவனாகவே ஒரு அட்டையில் 'எந்த டிவியிலும் வேலை செய்யும்' என்று எழுதி, கடையில் ஆடிக் காட்ட வைத்திருந்த பெட்டியின் மேல் வைத்தான்.

அந்தச் சனிக்கிழமை ஆர்லோ வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. ஓபல் வருகிறவர்களுக்கு எப்போதும்போல ஆடிக் காட்டினாள், திருகுகளைச் சொல்லிக்கொடுத்தாள், தாளை ஒட்டினாள், உரித்தாள். 'டொக்' மட்டும் இல்லை. பந்து ஊமையாகப் போய் ஊமையாக வந்தது. சாமான் கடைக்காரரின் மனைவி, "இது ரிப்பேரா? போன மாசம் சத்தம் வந்துச்சே" என்று கேட்டாள். ஓபல் திரையிலிருந்த தாளை நேராக்கினாள். "பேட்டரி" என்று நான் பின்கட்டிலிருந்து கத்தினேன்.

பூனை-எலித் தாளை அவள் எடுக்கவே இல்லை. யாராவது கேட்டால் கிழிந்துவிட்டது என்றாள். அவள் கடையில் சொன்ன இரண்டாவது பொய் அது என்று நினைக்கிறேன். முதலாவதைச் சொல்லக்கூட இல்லை.

ஏப்ரலில் உழவு தொடங்கியது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒரு விவசாயியையும் கடைத்தெருவில் பார்க்க முடியாது. ஒரு சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. வயலில் டிராக்டர் இறங்க முடியாத சேறு. மத்தியானம் கறுப்பு மண் அப்பிய பிக்கப் வண்டி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. ஆர்லோ இறங்கி வந்தான், தொப்பியிலிருந்து தண்ணீரை உதறினான், தன் நாற்காலியில் உட்கார்ந்தான். வேலை உடுப்புத்தான்.

"பூனை எனக்கு" என்றான்.

ஓபல் ஒரு கணம் நின்றாள். பிறகு கவுண்டருக்குக் கீழே எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்த தாளை எடுத்தாள். மூலைகளைத் தடவித் தடவி ஒட்டினாள். தேவைக்கு அதிகமாகத் தடவினாள். தன் எலியை எப்போதும்போல வீட்டின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்தாள். ராய்ஸ் வானிலை பார்ப்பவன்போல ஜன்னல் பக்கம் போனான். நான் வேலை எதையும் கையில் எடுத்துக்கொள்ளாமலே கதவருகில் வந்து நின்றேன்.

பூனை வாசலில் இருந்தது. அவன் வழக்கமான பாதை எனக்கே மனப்பாடம். கூடம், மாடிப்படி, பிறகு சுற்று. அவன் திருகில் கை வைத்தான். பூனை நேராகக் கிளம்பியது. கூடத்துச் சுவருக்குள் புகுந்து சமையலறைக்கு வந்தது. அடுப்பின் மேலேயே நடந்தது. அடுத்த சுவர், அடுத்த சுவர். அவசரமே இல்லை, மாட்டு நடை. ஓபலின் கை திருகில் அப்படியே இருந்தது. எலி நகரவில்லை. பூனை வந்து தொட்டது. எலி அணைந்தது.

"சுவர்" என்றாள் ஓபல்.

"எந்தச் சுவர்?"

"மூணு சுவர்."

"பெட்டி ஒண்ணும் சொல்லலையே" என்றான் ஆர்லோ.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவன் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், காது மட்டும் சிவந்திருந்தது.

"எங்க டிவியில நல்லாத்தான் தெரியுது" என்றான். "ஆனா ஒத்தை ஆளா ஆடறதுக்கு அந்தப் பனிச்சறுக்கு ஒண்ணுதான் இருக்கு. தினமும் நானே ஜெயிக்கறேன். ஆளில்லாத வீட்டுல ஜெயிச்சு என்ன பண்றது? நாளைக்கு நூடுல்ஸ் பண்றேன். இந்தத் தடவை ஆற விடக்கூடாது."

"லவானுக்கும் சேத்தா?"

"அவனுக்குச் சோறு போடறதுக்கு அவன் பெண்டாட்டி இருக்கா" என்றான் ஆர்லோ. எனக்குக் கோபம் வரவில்லை.

அந்தப் பழைய டிவிக்குப் பிறகும் பல வருடம் நான்தான் வைத்தியம் பார்த்தேன். வால்வு தேடி எங்கெங்கோ அலைந்தேன். போகும்போதெல்லாம் மேலே லேஸ் துணி இருக்கும், லியோட்டாவின் படம் இருக்கும், பக்கத்தில் லாரியில் சாய்ந்து நிற்கும் ஹார்லனின் படமும் இருக்கும். காபி வட்டம் ஒன்று இருந்தது இரண்டாகிவிட்டது. அதெல்லாம் பின்னால்.

அந்தச் சனிக்கிழமை ஓபல் எலியைத் திரும்பக் கொண்டுவந்தாள். "மொதல்லேர்ந்து ஆடுங்க. சுத்தி வாங்க" என்றாள்.

"சரி, ஓபல்."

அவன் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ராய்ஸ் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். நான் பின்கட்டுக்குப் போனேன். ஏதோ ஒரு டிவியின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தாள் உரியும் சரசரப்பு கேட்டது. மைதானம் மாறுகிறது. பிறகு 'டொக்.' அது அவளுடையது. அடுத்த 'டொக்' கொஞ்சம் தாமதமாக, கட்டைக் குரலில் வந்தது.